அத்தியாயம் 7: பானட்டுக்குள் அழகு வேலை

சிடாம் கிரியிலிருந்து கூலிம் ஹைடெக் பூங்காவுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவரின் காடி, விடியற்காலையில் சாவியைத் திருப்பினதும் எழும்ப வேண்டும். அதே காடியின் பானட்டை ஞாயிற்றுக்கிழமை திறந்து வைத்து நான்கு பேருக்குக் காட்டவும் ஆசை இருக்கும். இரண்டும் ஒரே காடியில் முடியும். ஆனால் எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் அதிகம் ஓடுகிற காடிகளை வைத்தே இங்கே விளக்கம்: 1985இல் வந்த புரோட்டோன் சாகா முதல் 1993இன் வீரா, 1994இன் பெரோடுவா கஞ்சில், 2005இன் மைவி வரை. மற்றக் காடிகளுக்கும் முறை இதுதான். போல்ட்டின் இடமும் எண்ணிக்கையும் மட்டும் மாறும்.

அழகு வேலைக்கு ஒரே ஒரு விதி: ஒரு மூடியையோ ஹோஸையோ கிளிப்பையோ கழற்றும் முன், அது அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கழற்றாதீர்கள். தெரிந்து கழற்றினாலும், பழையபடி பூட்ட முடிகிற மாதிரி வேலையைச் செய்யுங்கள்.

## வேலைக்கு முன் மூன்று கேள்விகள்

எந்தச் சாமானை வாங்கும் முன்பும் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இது எதை மறைக்கிறது? எண்ணெய்க் கசிவு, ஹோஸ் வெடிப்பு, வயர் உரசல் எல்லாம் கண்ணில் பட்டால்தான் காலத்தோடு பிடிபடும்.
2. இது எதன் வழியை அடைக்கிறது? காற்று போகிற வழி, தண்ணீர் வடிகிற வழி, ஸ்பானர் நுழைகிற வழி மூன்றையும் பாருங்கள்.
3. நடுவழியில் நின்றால் வேறொரு போமன் இதைப் புரிந்துகொள்வாரா? கோல கெட்டில் சாலையோரம் இரவில் காடி நின்றால், வருகிற போமன் உங்கள் ஆள் அல்ல. அவருக்குத் தெரிந்தது கம்பெனி போட்டுக் கொடுத்த அமைப்பு மட்டுமே.

மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் வாங்குங்கள். இரண்டில் சறுக்கினால் காசைப் பையிலேயே வையுங்கள்.

## தேவையான சாமான்கள்

- 10, 12, 14 நம்பர் சாக்கெட்டும் சின்ன ராட்செட்டும்
- கிளிப் கழற்ற பிளாஸ்டிக் நெம்பி
- இஞ்சினுக்கான டிகிரீசர் (தண்ணீரில் கரைகிற வகை)
- பழைய பல் துலக்கி, பெயிண்ட் பிரஷ், துணி
- பிளாஸ்டிக் பைகள், ரப்பர் வளையங்கள், மாஸ்கிங் டேப்
- கையுறை, கண்ணாடி
- கைக்கெட்டும் தூரத்தில் 1 கிலோ உலர் பொடித் தீயணைப்பான்

கைப்பேசியை மறக்காதீர்கள். எதையும் தொடும் முன் பானட்டுக்குள் இடது, வலது, நடு என்று படம் எடுத்து வையுங்கள். பூட்டும்போது எந்த ஹோஸ் எதன் மேலே போனது என்ற சந்தேகம் கட்டாயம் வரும்.

## முதல் வேலை: கழுவுதல்

செலவு குறைந்த அழகு வேலை இதுதான். செம்மண் பாதையில் ஓடுகிற தோட்டத்துக் காடியில், எண்ணெய்ப் பிசுபிசுப்பின் மேல் தூசி ஒட்டித் தோல் மாதிரி படிந்திருக்கும். அதை எடுத்தாலே பாதி ஆசை தீர்ந்துவிடும். கசிவு எங்கே என்றும் தெரிந்துவிடும்.

1. இஞ்சின் ஆறட்டும். வெந்நீர்ச் சூடு அளவுக்கு இறங்கிய பிறகே தண்ணீர் படலாம். கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழ வாய்ப்புண்டு.
2. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். திரும்பப் போடும்போது அதைக் கடைசியாகப் போடுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பானர் பாடியில் பட்ட நொடியே தீப்பொறி பறக்கும்.
3. மூட வேண்டியவற்றை மூடுங்கள். ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் அல்லது காயில், ஃபியூஸ் பெட்டி, காற்று ஃபில்டரின் வாய், எண்ணெய்க் கம்பி வாய் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். பழைய வீராவின் டிஸ்ட்ரிபியூட்டரில் ஈரம் ஏறினால் அடுத்த நாள் காலை காடி எழும்பாது.
4. காய்ந்த இலை, குப்பையைக் கையால் எடுங்கள். வைப்பருக்குக் கீழே உள்ள வடிகால் வாயையும் சுத்தம் செய்யுங்கள்.
5. டிகிரீசரைக் கீழிருந்து மேலாக அடியுங்கள். அப்போதுதான் எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று தெரியும். பிரஷால் தேய்த்துவிட்டு, காய்வதற்குள் கழுவுங்கள்.
6. மெதுவான தண்ணீரில் அலசுங்கள். கழுவும் கடைக்குக் கொண்டுபோனால், உயரழுத்தத் துப்பாக்கியைப் பானட்டுக்குள் காட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த அழுத்தம் ரப்பர் முத்திரைகளைத் தாண்டி கனெக்டருக்குள் போகும்.
7. பைகளை எடுத்து, துணியால் துடைத்து, பானட்டைத் திறந்தே வையுங்கள். நல்ல வெயிலில் ஓரிரு மணி நேரம் போதும். பிறகு இஞ்சினை ஓடவிட்டு மிச்ச ஈரத்தைப் போக்குங்கள்.

பொதுவாக நடக்கும் தவறுகள்

- *டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோலால் கழுவுவது.* பழைய பட்டறைப் பழக்கம். டீசல் ரப்பரை ஊதவைக்கும். மிச்சம் மேனிஃபோல்டில் புகையும். பெட்ரோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.
- *காரம் அதிகமான டிகிரீசரை அலுமினியத்தில் விடுவது.* கழுவின பிறகு சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். அந்தக் கறை போகாது.
- *பளபளப்பு ஸ்ப்ரேயை எங்கும் அடிப்பது.* பெல்ட்டில் பட்டால் வழுக்கும். ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாது. பிளாஸ்டிக்குக்குத் துணியில் தொட்டுத் தடவினால் போதும்.

## இரண்டாவது வேலை: வால்வ் கவருக்குச் சாயம்

பானட்டைத் திறந்ததும் கண் போகிற இடம் வால்வ் கவர்தான். வீட்டில் செய்யத்தக்க, பலனும் தெரிகிற வேலை. ஆனால் இந்த மூடிக்குக் கீழே எண்ணெய் தெறித்துக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டால், எண்ணெய் கசிந்து சூடான மேனிஃபோல்டில் விழும். முதலில் புகை நாற்றம், முற்றினால் தீ.

கழற்றுவது

1. இஞ்சின் முழுக்க ஆறியிருக்கட்டும். புதிய கேஸ்கெட்டையும் பிளக் குழாய் முத்திரைகளையும் *முன்கூட்டியே* வாங்கி வையுங்கள். பழைய கேஸ்கெட் மொரமொரப்பாகி இருக்கும். அதைத் திரும்பப் போட்டால் ஒரு மாதத்துக்குள் கசியும்.
2. மூடியின் மேலேயும் போல்ட் குழிகளிலும் உள்ள மண்ணைத் துடைத்தெடுங்கள். மூடியைத் தூக்கும்போது அந்த மண் கேம் மேலேதான் விழும்.
3. காற்றோட்ட ஹோஸ், பிளக் வயர் அல்லது காயில்களுக்கு டேப்பில் எண் எழுதி ஒட்டிக் கழற்றுங்கள்.
4. போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.
5. மூடி ஒட்டிக்கொண்டால் ரப்பர் சுத்தியலால் பக்கத்தில் தட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் விழுகிற கீறல் வழியாகத்தான் நாளைக்கு எண்ணெய் வரும்.
6. மூடி வந்ததும் திறந்த இடத்தைச் சுத்தமான துணியால் மூடி, மேலே பிளாஸ்டிக் போர்த்துங்கள். எண்ணெய்க்குள் ஒரு போல்ட் விழுந்தால் அந்த நாள் முழுதும் போச்சு.

சாயம் அடிப்பது

1. மூடி உலோகமா, பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் பவுடர் கோட்டிங் அடுப்புக்குள் அனுப்பவே கூடாது. அதற்கு 200 டிகிரியை ஒட்டிய சூடு தேவை.
2. டிகிரீசரில் ஊறவைத்து, உள்ளும் புறமும் கழுவிக் காயவையுங்கள்.
3. வெளிப்புறத்தை மட்டும் ஈர உப்புத்தாளால் தேயுங்கள். மணல் வீச்சுக்குக் கொடுக்காதீர்கள். பல மூடிகளின் உட்புறத்தில் எண்ணெயைத் தடுக்கும் தகடு ஒன்று உண்டு. அதன் பின்னால் மணல் ஒளிந்துகொண்டால் எந்தக் கழுவலுக்கும் வராது. பிறகு எண்ணெயோடு கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். பார்வைக்காகச் செய்த வேலை இஞ்சினையே எடுத்துவிட்ட கதை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.
4. கேஸ்கெட் உட்காரும் பள்ளம், போல்ட் தலை உட்காரும் வட்டம், எண்ணெய் மூடியின் மரை மூன்றையும் டேப்பால் மூடுங்கள். அங்கே சாயம் படிந்தால் கேஸ்கெட் சமமாக உட்காராது.
5. இஞ்சினுக்கென்று விற்கிற சூடு தாங்கும் சாயத்தை மெல்லிய பூச்சாக அடியுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளியை மதியுங்கள். ஒரே தடவையில் அப்பினால் வழியும்.
6. மழை இருட்டும் நேரத்தில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் சாயம் வெளுத்துப் பூக்கும். கெடாவில் ஆண்டுத் தொடக்கத்து வறட்சி மாதங்கள் இந்த வேலைக்கு வசதி. செப்டம்பர், அக்டோபரில் காலையிலேயே முடித்துவிடுங்கள்.
7. சாயத்தைச் சூட்டில் பதப்படுத்த வேண்டும் என்று டப்பாவில் இருந்தால், சமையல் அடுப்பை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். அந்த ஆவி பிறகு சாப்பாட்டில் சேரும்.

பூட்டுவது

கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே ஒவ்வொரு படியாகப் போங்கள்.

1. இஞ்சின் பக்கத்து மேற்பரப்பைத் துணியால் துடைத்து, நகத்தால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். எங்கே நகம் தட்டுகிறதோ அங்கே பழைய சிலிக்கோன் ஒட்டியிருக்கிறது. பிளாஸ்டிக் நெம்பியால் சுரண்டியெடுங்கள்.
2. கேமின் ஓரத்தில் அரைவட்ட ரப்பர் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மிட்சுபிஷி வழி வந்த புரோட்டோன் இஞ்சின்களில் இது சகஜம். அதன் இரு மூலைகளில் மட்டும் பச்சரிசி அளவு சிலிக்கோன் வையுங்கள். சுற்றிலும் பிதுக்கி வைத்தால், உள்ளே வழிந்தது அறுந்து விழுந்து எண்ணெய் வடிகட்டியை அடைக்கும்.
3. கேஸ்கெட்டை மூடியின் பள்ளத்தில் முழுதாக அழுத்தி உட்காரவையுங்கள். திருப்பிக் கவிழ்க்கும்போது ஒரு மூலை நழுவியிருக்கும்; விரலால் சுற்றித் தொட்டுப் பாருங்கள்.
4. எல்லா போல்ட்டையும் கையால் திருப்பி உட்காரவைத்த பிறகே ராட்செட்டை எடுங்கள். இந்த முறை நடுவிலிருந்து ஓரத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக.
5. இவை சின்ன போல்ட்டுகள். பெரும்பாலான காடிகளில் 10 நியூட்டன் மீட்டரோ அதற்கும் குறைவோதான் இறுக்கம். உங்கள் காடிக்கான அளவைக் கையேட்டில் பாருங்கள். கசிவு நிற்கட்டும் என்று மேலும் இறுக்கினால் அலுமினிய மரை சுருண்டு வெளியே வரும், கேஸ்கெட்டும் பிதுங்கும்.
6. இஞ்சினை ஓடவிட்டு, சூடேறிய பின் டார்ச் அடித்துப் பின்பக்கமும் பாருங்கள். பிளக் குழிக்குள் எண்ணெய் இறங்கினால் இஞ்சின் விட்டு விட்டு அடிக்கும்.

## கலர் ஹோஸ், எஃகு வலை

சிவப்பு, நீலச் சிலிக்கோன் ஹோஸ்கள் பார்வைக்கு எடுப்பு. பழைய ரப்பர் போய்விட்டிருந்தால் மாற்றவேண்டிய சாமானும் கூட. ஆனால் ஹோஸுக்குள் என்ன போகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

- பெட்ரோல் ஹோஸ்: சாதாரணச் சிலிக்கோனை ஒருபோதும் போடாதீர்கள். பெட்ரோல் அதை ஊதவைத்து ஊடுருவிக் கசியும். எரிபொருளுக்கென்று முத்திரையுள்ள ஹோஸை மட்டும் பயன்படுத்துங்கள்.
- பிரேக் பூஸ்டர் ஹோஸ்: மெல்லிய கலர் ஹோஸ் உறிஞ்சலில் அமுங்கிப்போகும். பிரேக் மிதி கல்லாகிவிடும். கம்பெனி ஹோஸையே வையுங்கள். அதிலுள்ள ஒருவழி வால்வையும் தொடாதீர்கள்.
- கூலண்ட் ஹோஸ்: சிலிக்கோன் போடலாம். ஆனால் துளையிட்ட சாதாரண கிளாம்ப் சிலிக்கோனை வெட்டும். உள்பக்கம் வழவழப்பான கிளாம்ப் வாங்குங்கள். முதல் சில நாள் ஓட்டத்துக்குப் பின், இஞ்சின் ஆறியதும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.
- எஃகு வலை உறை: பழைய ஹோஸின் மேல் இழுத்துவிடுகிற அலங்காரம். உள்ளே ஹோஸ் ஊதியிருப்பதும் வெடித்திருப்பதும் தெரியாது. அறுந்த கம்பி நுனி பக்கத்து வயரின் தோலை அரம் போல உரசும். பேட்டரி பாசிட்டிவ் பக்கம் போய்ப் பட்டால் ஷார்ட் ஆகும். ஆகவே இதைத் தவிர்த்துவிடுங்கள்.

கலர்தான் வேண்டும் என்றால், கூலண்ட் மேல் ஹோஸ் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கண்ணில் படுகிற ஹோஸும் அதுதான், கழற்ற வசதியான ஹோஸும் அதுதான்.

## ஓப்பன் ஃபில்டர்: சத்தம் கூடும், காற்று குறையும்

கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டரை மாட்டினால் பானட்டுக்குள் இடம் விரியும். மிதித்தால் உறிஞ்சும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பலம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். கம்பெனிப் பெட்டி பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. ஓப்பன் ஃபில்டர் பானட்டுக்குள் இருக்கும் சூட்டுக்காற்றை இழுக்கிறது. வெளியே 33 டிகிரி, நெரிசலில் நிற்கும்போது பானட்டுக்குள் 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகிற காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 விழுக்காடு குறைகிறது. அந்த அளவுக்கு எரிப்பும் குறையும். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகிற கூட்டத்தில் ஏர்கோன் போட்டு ஊர்ந்து பாருங்கள். காடி சோர்ந்து இழுப்பது தெரியும்.

இன்னும் மூன்று குறைகள்:

1. எண்ணெய் பூசிய ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால், காற்றை அளக்கிற சென்சார் உள்ள காடிகளில் அதன் கம்பியில் படிந்து கணக்கைக் கெடுக்கும்.
2. தோட்டத்து மண்பாதையில் தூசியை மலிவு ஃபில்டர் சரியாகப் பிடிக்காது. அந்தத் தூசி நேரே சிலிண்டருக்குள்தான் போகும்.
3. குழாயை நீட்டி ஃபில்டரைப் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வைத்தால், தண்ணீர் தேங்கிய சாலையில் இஞ்சின் தண்ணீரை இழுத்துவிடும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும்.

செய்யத்தக்க மாற்று: பெட்டியைக் கழற்றிக் கழுவி, மேல்மூடிக்குச் சாயம் அடித்து, உள்ளே புதிய ஃபில்டர் போடுங்கள். பிடிவாதமாக ஓப்பன் ஃபில்டர்தான் வேண்டும் என்றால் சூட்டைத் தடுக்கிற தட்டியும், வெளிக்காற்றைக் கொண்டுவருகிற குழாயும் சேர்த்துப் போடுங்கள். பழைய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

## வயர் மறைப்பது

கண்காட்சிக் காடிகளில் வயரே தெரியாது. எல்லாம் மட்கார்டுக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் ஒளிந்திருக்கும். தினமும் ஓட்டுகிற காடிக்கு இந்த வேலையை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

முதல் காரணம் எலி. செம்பனைத் தோட்டங்களில் எலித்தொல்லை அதிகம். அவற்றைப் பிடிக்க ஆந்தைக்கூடு கட்டி வைக்கிற தோட்டங்களே இருக்கின்றன. இரவில் சூடான இஞ்சினைத் தேடிக் காடிக்குள் ஏறுவதும் அதே எலிதான். வெளியே ஓடுகிற வயரைக் கடித்தால் கண்ணில் படும், ஒட்டிவிடலாம். மட்கார்டுக்குள் கடித்தால் பம்பரைக் கழற்றினால்தான் தெரியும்.

இரண்டாவது காரணம் ஒட்டு. மறைக்க வேண்டும் என்றால் வயரை நீட்ட வேண்டும். நீட்டினால் ஒட்டுகள் கூடும். முறுக்கி டேப் சுற்றின ஒட்டு நம் ஈரக்காற்றில் பச்சை பூக்கும். காடி ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. பழுதைத் தேடுவதற்கே போமனுக்குக் கூலி கொடுப்பீர்கள்.

வயரை மறைக்காமல் *ஒழுங்குபடுத்தலாம்*. அது இப்படி:

1. வயர் கட்டின் கிழிந்த டேப்பை எடுத்துவிட்டு, சூடு தாங்கும் துணி டேப்பைச் சுற்றுங்கள்.
2. வெளியே நெளிந்த பிளாஸ்டிக் குழல் போடுங்கள்.
3. உடைந்த கம்பெனி கிளிப்புகளுக்குப் புதியவை வாங்கி அதே இடத்தில் மாட்டுங்கள்.
4. மேனிஃபோல்டிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் தள்ளியே வையுங்கள். இஞ்சின் குலுங்கும்போது இழுபடாத அளவு தளர்வு விடுங்கள்.
5. கூடுதலாக மாட்டுகிற எல்.இ.டி. விளக்கு, ஹாரன் எதற்கும் தனி ஃபியூஸ். பேட்டரியிலிருந்து நேரே இழுத்தால் ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டினாற்போல் இருக்கட்டும்.

பேட்டரியைப் பின்பக்கத்துக்கு மாற்றுகிற எண்ணமும் இதோடு வரும். தடித்த கேபிள், பேட்டரிப் பக்கத்தில் பெரிய ஃபியூஸ், வாயு வெளியேற வழி, அசையாத பிடிமானம் நான்கும் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. அது வீட்டு வேலை அல்ல.

## சின்னச் சாமான்கள்: ஒரே பார்வையில்

கலர் ரேடியேட்டர் மூடி. கம்பெனி மூடியில் 0.9 என்று போட்டிருந்தால் 0.9 மூடியே வாங்குங்கள். 1.3 மூடி தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் 119 டிகிரியிலிருந்து 125 டிகிரிக்கு ஏற்றும், உண்மைதான். ஆனால் அந்த அழுத்தத்தையும் பழைய பிளாஸ்டிக் தொட்டியும் பழைய ஹோஸும்தான் தாங்க வேண்டும். முதலில் வெடிப்பது அவைதான்.

ரேடியேட்டருக்குச் சாயம். இதழ்களில் தடித்த சாயம் அடித்தால் காற்று வழி அடைபடும். மேல் தட்டுக்கும் பக்கச் சட்டத்துக்கும் மட்டும் அடியுங்கள்.

உலோக எண்ணெய் மூடி. சூடேறினால் கை சுடும். மலிவு வகையில் ரப்பர் வளையம் சரியாக உட்காராது. பழைய மூடியைக் காடியிலேயே வையுங்கள்.

ஸ்ட்ரட் பார். இடது, வலது சஸ்பென்ஷன் மேல்முனைகளை இணைக்கிற கம்பி. நடுவில் மூட்டு வைத்த அலங்காரப் பார்கள் எதையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. எந்தப் பாராக இருந்தாலும் பானட்டில் முட்டுகிறதா என்று பார்க்க எளிய வழி: பாரின் மேல் மூன்று இடத்தில் விளையாட்டுக் களிமண் உருண்டை வைத்து, பானட்டை மெதுவாக இறக்கித் திரும்பத் தூக்குங்கள். உருண்டை தட்டையாகி ஒரு விரல் தடிமனுக்குக் குறைந்தால் அந்தப் பார் உங்கள் காடிக்கு ஆகாது. இஞ்சின் குலுங்கும், பானட்டும் அமுங்கும்.

பானட் டேம்பர். கம்பியில்லாமல் தானே தூக்குகிற வாயுக் குழாய். மெல்லிய தகட்டுப் பானட்டில் கீல் பக்கம் வளையும். வயதானால் வாயு இறங்கி, குனிந்திருக்கிறவர் தலையில் பானட் விழும். பழைய தாங்குகம்பியைக் கழற்றாதீர்கள். வேலை செய்யும்போது அதையும் முட்டுக்கொடுங்கள்.

டைமிங் பெல்ட் மூடியைக் கழற்றிக் காட்டுவது. சாகா, வீரா, கஞ்சில் போன்ற பெல்ட் இஞ்சின்களில் கேம் சக்கரம் சுற்றுவது பார்க்க அழகு. ஆனால் கல், தண்ணீர், எண்ணெய், தொங்குகிற வயர் எதுவும் உள்ளே போகலாம். பெல்ட் அறுந்தால் பல இஞ்சின்களில் வால்வ் வளையும். விரல், துணி, சட்டைக் கை மாட்டுகிற ஆபத்தும் உண்டு. செய்யாதீர்கள்.

எண்ணெய் கேட்ச் டேங்க். காற்றோட்ட ஹோஸில் வருகிற எண்ணெய் ஆவியைப் பிடிக்கிற சின்னத் தொட்டி. பயனுள்ள சாமான்தான், ஆனால் மாதம் ஒரு முறை வடிக்க வேண்டும். குழாய் அடைத்தால் இஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி எண்ணெய் முத்திரைகள் கசியும். குழாயை வெறும் காற்றில் விட்டால் புகை நாற்றம் ஏர்கோன் வழியே காடிக்குள் வரும்.

பானட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்து உயர்த்துவது. நிற்கும்போது சூடு வெளியேறும். ஓடும்போது முன்கண்ணாடி அடியில் காற்றழுத்தம் கூடுவதால் காற்று உள்ளேதான் தள்ளும். மழைத்தண்ணீர் காயில் பக்கம் இறங்கும். நன்மையைவிடத் தொல்லை அதிகம்.

மேனிஃபோல்டுக்குத் துணிச் சுற்று. ஈரத்தையும் சிந்தின எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் ஊறின துணி தீப்பிடிக்கும்; வார்ப்பிரும்பு வெடிக்கவும் கூடும்.

## வேலை முடிந்த பின் சோதனை

1. கருவிகளை எண்ணிப் பாருங்கள். ஒரு சாக்கெட் குறைந்தால் கண்டுபிடிக்கும் வரை சாவியைத் திருப்பாதீர்கள்.
2. பிளாஸ்டிக் பை, துணி எதுவும் உள்ளே இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.
3. எண்ணெய், கூலண்ட், பிரேக் எண்ணெய் அளவைப் பாருங்கள். பிரேக் எண்ணெய் சாயத்தில் சிந்தியிருந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்; அது சாயத்தை உரித்துவிடும்.
4. இஞ்சினை ஓடவிடும் முன் பிரேக் மிதியை மிதித்துப் பிடியுங்கள். ஓடத் தொடங்கியதும் மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர் ஹோஸைப் பாருங்கள்.
5. ஃபேன் ஒரு முறை சுற்றி நிற்கும் வரை நின்ற இடத்தில் ஓடவிடுங்கள். சில காடிகளில் இஞ்சினை நிறுத்திய பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும். கையைத் தள்ளியே வையுங்கள்.
6. சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.
7. முதல் நாள் பக்கத்துக்கு மட்டும் ஓட்டுங்கள். சுங்கை பட்டாணி போய் வந்தால் போதும். திரும்பியதும் கீழே அட்டை விரித்து இரவு நிறுத்துங்கள். காலையில் அட்டையில் விழுந்த சொட்டின் நிறம் எங்கே கசிகிறது என்பதைச் சொல்லும்: பழுப்போ கறுப்போ என்றால் எண்ணெய், பச்சை அல்லது இளஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் கூலண்ட், நிறமற்ற தண்ணீர் என்றால் ஏர்கோன்.

## சட்டமும் விற்பனையும்

சாயம், ஹோஸ், மூடி போன்றவை தனியாகப் பெரிய சிக்கல் தராது. சிக்கல் வருகிற இடங்கள் இவை:

- இஞ்சின் எண். பெயர் மாற்றத்துக்கு முன் செய்யும் பி5 சோதனையில் இஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பார்ப்பார்கள். அந்த இடத்தில் சாயமோ தகடோ இருக்கக்கூடாது. எண்ணைச் சுரண்டினால் திருட்டுக்காடியோ என்ற சந்தேகம் எழும்.
- ஹால்ஃப்கட் இஞ்சின் (வெளிநாட்டில் பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய காடியின் இஞ்சின்). அழகு வேலை முற்றி இஞ்சினையே மாற்றுகிற அளவுக்குப் போனால், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யில் பதிவை மாற்றியாக வேண்டும். கடைக்காரர் கொடுக்கிற சுங்கத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்.
- காப்புறுதி. மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். பானட்டுக்குள் தீப்பிடித்த பிறகு, சொல்லாமல் இழுத்த வயரைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் கொடுக்காதீர்கள்.
- விற்பனை விலை. பழைய காடி வாங்குகிறவர் பெரும்பாலும் கம்பெனி நிலையைத்தான் தேடுகிறார். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் பெயர் எழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். வேலை பிடிக்காமல் போனால் உங்களுக்கும் அதே பெட்டி உதவும்.

## எந்த வரிசையில் காசு போடுவது

1. கழுவுதல், கசிவுகளைக் கண்டுபிடித்து நிறுத்துதல்
2. பழைய பெல்ட், ஹோஸ், கிளாம்ப், பேட்டரி முனை மாற்றம்
3. உடைந்த கிளிப், தொலைந்த போல்ட், கிழிந்த வயர் உறை
4. வால்வ் கவர், காற்றுப்பெட்டி மூடிக்குச் சாயம்
5. மேல் கூலண்ட் ஹோஸ் கலர்
6. இதற்குப் பிறகும் காசு மிச்சமிருந்தால் மட்டும் அலங்காரச் சாமான்

முதல் மூன்றை முடித்தவர்களில் பலர் ஆறாவதுக்குப் போவதில்லை. சுத்தமான, கசிவில்லாத, எல்லா கிளிப்பும் அதனதன் இடத்தில் இருக்கிற இஞ்சின் தானாகவே பார்க்க நன்றாக இருக்கும். அதை அப்படியே வைத்திருக்க, மாதம் ஒரு முறை பத்து நிமிடம் ஒதுக்குங்கள்: ஈரத்துணியால் ஒரு துடைப்பு, டார்ச் அடித்துக் கசிவு தேடல், எலி எச்சம் உண்டா என்று ஒரு பார்வை. அந்த நாளை எண்ணெய் மாற்றும் தேதியோடு சேர்த்து இப்போதே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.